பூண்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டில் பாகம் பிரிந்து, பூட்டிக் கிடந்து, கடைசியில் இடிபடும் வீடுகளின் நிலை, தூண், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, சட்டம் போட்ட சாமி படம் எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. வங்கிக்கு விடுமுறையான சனிக்கிழமைகளில் நான் அங்கே போவதுண்டு. வாங்குவதற்கு என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்குள் ஒன்றோடொன்று உறவோடு இருந்த பொருட்கள், உறவு அறுந்து குவியலாகக் கிடக்கும்போது ஒவ்வொன்றும் தன் முகத்தைத் தனியாகக் காட்டுகிறது. அதைப் பார்க்கப் போகிறேன்.

சென்ற மார்கழியில் ஒரு கடையில், தாழ்ப்பாளும் பழைய சாவிகளும் குவிந்த தகரத் தட்டுக்குள் கை விட்டபோது உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் தகடு தட்டுப்பட்டது. முட்டை வடிவம். மெருகு போய் விளிம்பு கறுத்திருந்தது. மேலும் கீழும் இரு பக்கமுமாக நாலு பூக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து இதழ், இதழ் நுனியில் ஒரு சிறு வெட்டு. நடுவில், ஒரு முனை கூர்மையாக ஒடுங்கிய துவாரம்.

"என்ன அண்ணே இது?"

"பர்மா சாமான் தம்பி. ஏதோ மூடி. விளக்குத் தண்டுல மாட்டுறதா இருக்கும். செட்டாக் கெடச்சிருந்தா நல்ல வெலைக்குப் போயிருக்கும்."

முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தார்.

அந்தத் தெருவில் ஊர் தெரியாத பொருளெல்லாம் பர்மா சாமான்தான். ஆனால் இந்த ஒரு தடவை அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அது மூடியில்லை. ஜப்பானிய ராணுவ அதிகாரி ஒருவனின் வாளில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருந்த காப்புத் தகடு. ஜப்பானிய மொழியில் அதற்கு ட்சுபா என்று பெயர். நாலு பூவும் சகுரா, அதாவது செர்ரிப் பூ. பாஸ்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள ட்சுபாக்களின் படங்களை இணையத்தில் பார்க்க வைத்திருக்கிறது. அவற்றில் எப்போதோ கண் மேய்ந்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அன்றிரவு திரும்பவும் அவற்றைப் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. தகடு காரணமில்லை. ஏழு வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு மதிப்புரை அந்தப் படங்களின் ஊடே எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் ட்சுபாவைச் சொல்ல வேண்டும்.

ட்சுபாவின் வேலை எளியது. குத்தும்போது கை வழுக்கி அலகின் மேல் போய்விடாமல் தடுக்கிறது. வாளின் கனம் முழுதும் நுனிக்கே ஓடிவிடாமல் கைப்பக்கம் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது. ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டம், சில மில்லிமீட்டர் கனம். நடுத்துவாரத்தில் அலகின் பின்பகுதி நுழைந்து பிடிக்குள் போகிறது. பக்கத்துக்கு ஒன்றாகச் சில தகடுகளில் வேறு இரண்டு துவாரங்கள் இருக்கும். உறையோடு செருகிய சிறு கத்திக்கும், தலைமயிர் ஒதுக்கும் ஊசிக்கும் அவை வழி. இந்த மூன்று துவாரங்களையும் விட்டு மிச்சமிருக்கும் இடம்தான் கலைஞனுக்கு. ஒரு பாதி உள்ளங்கை. அதற்குள் இலையுதிர்கால நிலாவையும், வரிசையாகப் போகும் காட்டு வாத்துகளையும், காற்றில் சாய்ந்த புல்வெளியையும், மூங்கிலையும், அலையையும் கொண்டுவந்தார்கள். தட்டானை விரும்பிச் செய்தார்கள். அது பின்வாங்காத பூச்சி என்று போர்வீரர்கள் நம்பினார்கள்; வெற்றிப் பூச்சி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழிலும் தட்டான் என்றால் பூச்சி, உலோகத்தைத் தட்டி வேலை செய்கிறவனும் தட்டான்.

இரும்புத் தகடுகளில் துருவைத் துடைத்தெறியவில்லை, பக்குவமாக வளர்த்தார்கள். செம்பில் கொஞ்சம் தங்கத்தைக் கலந்து, காக்கைச் சிறகைப்போல நீலம் ஓடும் கறுப்பை வரவழைத்தார்கள். அதற்கு ஷகுதோ என்று பெயர். செம்பும் வெள்ளியும் சேர்ந்த சாம்பல் நிறத்துக்கு ஷிபுஇச்சி, அதாவது 'நாலில் ஒன்று'. பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டோ யூஜோவில் தொடங்கிய ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஷோகன்களுக்கு வாள் அணிகள் செய்தது. தகட்டின் பின்புலம் முழுவதும் மீன் முட்டைபோல நுண்ணிய புள்ளிகளை ஒவ்வொன்றாக அடித்து நிரப்பும் வேலைக்கு அவர்கள் பேர் பெற்றவர்கள். எனக்கு அதைவிட, இரும்பை ஊடறுத்துச் செய்த தகடுகளே பிடித்தன. இதில் இரண்டு வழி. உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை அறுத்தெடுப்பது ஒன்று. உருவத்தையே அறுத்தெடுத்துவிடுவது மற்றொன்று. இரண்டாவதில் வாத்து இருக்குமிடத்தில் இரும்பு இல்லை. வாத்து இருக்கிறது. அதன் வழியே வானத்தைப் பார்க்கலாம்.

வாள்வீரன் மியாமோட்டோ முசாஷி 1645இல் இறந்தான். அவன் தன் கையாலேயே செய்தது என்று மரபு சொல்லும் ஒரு வடிவம் இருக்கிறது. இடமும் வலமும் இரண்டு பெரிய துவாரங்கள், வேறொன்றுமில்லை. அந்தத் துவாரங்களின் வடிவம் கடல் அட்டை. தொண்டிக் கடலோரத்தில் அலைந்தவர்களுக்கு அந்த ஜந்து தெரியும். தலையும் காலும் புலப்படாது, தொட்டால் குழகுழவென்று இருக்கும். அதைப் பார்த்து ஒருவனுக்குக் கவிதை தோன்றும் என்று நம்மில் யாரும் எதிர்பார்க்க மாட்டோம். அறுபது சண்டைகளுக்கு மேல் வென்றதாகத் தானே எழுதிவைத்தவன், கையைக் காக்க நிலாவையும் பூவையும் விட்டு இதைத் தேர்ந்தான். இயற்கை என்று சொன்னதும் நம் மனசு ஓடிப்போய் நிற்கும் இடங்களைப் பற்றி இது எனக்குச் சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்டது.

இன்னொரு விஷயம். கையெழுத்திடும் கலைஞர்கள் தகட்டில் நடுத்துவாரத்தை ஒட்டித்தான் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். வாளில் பூட்டியதும் பிடியும் வளையத் தகடுகளும் அந்த இடத்தை மூடிக்கொள்ளும். கழற்றினால்தான் பெயர் தெரியும். அதுபோல, சித்திரம் பெரும்பாலும் முன்பக்கத்தோடு முடிவதில்லை. முன்னே நிலா என்றால் பின்னே, அலகின் பக்கம், அது காயும் புல்வெளி. எதிரில் நிற்பவனின் கண்ணுக்குப் படாத பக்கம் அது. ஆனாலும் செய்தார்கள்.

நம் பக்கத்தில் இப்படி ஒன்றும் இல்லையா என்று கேட்டால், இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்கள் இருக்கின்றன. அங்கேயுள்ள கட்டாரிகளில், புறங்கையை மூடிப் பாய்போல விரிந்த ஒரு காப்புத் தகடு உண்டு. அதில் யாளி, பறவை, கொடி, ஊடறுத்த வேலை. செய்தவன் பெயர் எதிலும் இல்லை. 1855இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தபின் அரண்மனை ஆயுதக் கிடங்கைக் கலைத்தார்கள். கொஞ்சம் அருங்காட்சியகங்களுக்குப் போனது. பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். எங்கள் சீமையில் கதை அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபின் கம்பெனி அரசு பாளையங்களின் கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைத் தடை செய்தது. இன்று சிவகங்கை மாவட்டத்தில் அலகுக்குப் பேர்போன ஊர் திருப்பாச்சேத்தி. அங்கே அடிப்பது அரிவாள். அதில் சித்திரம் எதுவும் கிடையாது, காப்புத் தகடும் கிடையாது. அலகு நுழையும் இடத்தில் மரப்பிடி பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்க ஒரு பூண் மட்டும்.

பூண். இந்தச் சொல்லில்தான் அன்றிரவு தடுக்கி விழுந்தேன். உலக்கைக்கும் அரிவாளுக்கும் போடும் இரும்பு வளையம் பூண். மார்பிலும் கழுத்திலும் அணியும் நகையும் பூண். பிளவைத் தடுப்பதற்கும் அழகு செய்வதற்கும் இந்த மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. 'அணி'யும் அப்படித்தான். நகை அணி, உவமையும் உருவகமும் அணி, போரில் நிற்கும் படை வரிசையும் அணி. அலங்காரம் என்று நாம் வடமொழியிலும், டெக்கரேஷன் என்று ஆங்கிலத்திலும் ஒதுக்கித் தள்ளுவதை, பூண் என்ற சொல் ஒதுக்க விடுவதில்லை. பூணைக் கழற்றினால் பிடி பிளந்துபோகும்.

இனி மதிப்புரை. நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதி, தேவகோட்டைப் பக்கத்து ஊரில் அவரே காசு போட்டு அச்சடித்தது, முந்நூறு பிரதி. எனக்கு அப்போது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆங்கில இலக்கியம் படித்த மிடுக்கு இன்னும் தீரவில்லை. கவிதையில் ஒரு படிமத்தை எடுத்துவிட்டுப் பார், அது இல்லாமலும் கவிதை நின்றால் அது அலங்காரம் என்பது என் அளவுகோல். அதில் பெருமையும் எனக்கு இருந்தது. அவர் கவிதை ஒன்று, நோயில் கிடந்த தாயைப் பற்றியது. கொல்லை வேலியில் நொச்சி. ஆவி பிடிக்க இலை பறிப்பதற்காகத் தாயே எழுந்து போகிறாள். இலையைப் பறித்துக்கொண்டு பூங்கொத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்புகிறாள். கவிதையில் சாவு என்ற சொல் இல்லை. நான் எழுதினேன்: நொச்சிப் பூவை எடுத்துவிட்டாலும் இக்கவிதைக்கு நஷ்டமில்லை, ஆகவே அது ஒட்டவைத்த அலங்காரம், கிராமத்துக் கவிஞர்களிடம் இந்தப் பூப்பறிக்கும் பழக்கம் எப்போது போகும் என்று. அந்தக் கடைசி வாக்கியத்துக்காகச் சிலர் என்னைப் பாராட்டினார்கள். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவர் கவிதை எதையும் நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வது என் அகந்தையாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டுப் போவதும் சௌகரியம்தான்.

தொகுதியைத் தேடி எடுத்து இரவோடு இரவாகப் படித்தேன். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, நான் ஒரு பள்ளிப் பையனுக்குத் தெரிந்ததை மறந்திருந்தேன். நம் புறத்திணைகளுக்குப் பூக்களின் பெயர். ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி, கோட்டையை வளைப்பது உழிஞை, எதிர்நின்று பொருவது தும்பை, வெற்றி வாகை. முற்றுகைக்குள் அகப்பட்டு உள்ளேயிருந்து கோட்டையைக் காப்பது நொச்சி. ஜப்பானியன் போரின் பூவைக் கைக்கும் அலகுக்கும் நடுவே வைத்தான், நாம் தலையில் சூடினோம். அந்தத் தாய் முற்றுகையில் இருக்கிறாள். வேலி அவள் மதில். மருந்துக்கு இலையை எடுத்துக்கொள்கிறாள், பூவைக் காவலுக்கு விட்டுவைக்கிறாள். இதை நண்பர் எங்கேயும் சொல்லவில்லை. ட்சுபா கலைஞன் பெயரைப் பொறிக்கும் இடத்தில், பிடி மூடும் இடத்தில், வைத்திருந்தார்.

இரண்டாவது, என் அளவுகோலே பிசகு. எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஊடறுத்த தகட்டிடம் கேட்க முடியாது. அங்கே எடுத்துவிட்டதுதான் உருவம். பூவைச் சொல்லி அதன் பொருளைச் சொல்லாமல் விட்ட கவிதையில் நான் உபரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது இடைவெளி.

இதனால் பூ வந்த கவிதையெல்லாம் நல்ல கவிதை என்று ஆகிவிடாது. என் எரிச்சலுக்கு நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நம் புறத்திணைப் பூக்களுக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் யாரோ ஒருவன் வெயிலில் வாடும் நிஜமான தும்பையைச் சூடிப் போயிருப்பான். பிற்கால இலக்கண நூல்களில் தும்பை ஒரு தலைப்பு. அதன் கீழ் துறைகள், துறைக்கொரு உதாரணச் செய்யுள். காலி மனைகளில் இப்போதும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் செடிக்கும் அந்தத் தலைப்புக்கும் தொடர்பு அறுந்துபோயிற்று. வெட்டிய பூ வேறு, அச்சில் அடித்த பூ வேறு. விமர்சகனுடைய வேலை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது. பூவைக் கண்டதும் சீறுவது அவன் வேலையில்லை.

ஜப்பானிலும் பூ அச்சுக்குப் போன கதை இருக்கிறது. 1876இல் மெய்ஜி அரசு, படையினரும் காவலரும் சடங்கு உடையிலுள்ள அதிகாரிகளும் தவிர மற்றவர்கள் வாள் தரிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அத்தனை தலைமுறைக் கைகளுக்கும் வேலை போயிற்று. சிலர் அயல்நாட்டாருக்குப் பூ ஜாடியும் சிகரெட் பெட்டியும் செய்யப் போனார்கள். கழற்றிய ட்சுபாக்கள் ஐரோப்பா, அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் குவிந்தன. அக்காலத்தின் தலைசிறந்த கலைஞன் கானோ நட்சுவோ (1828-1898), அதற்குச் சில ஆண்டுகள் முன்பே புதிய அரசின் நாணயங்களுக்கு அச்சு வெட்ட அமர்த்தப்பட்டிருந்தான். வாளுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக வெட்டிய கை, லட்சக்கணக்கில் அடிக்கப்படும் ஒரே டிராகனை வெட்டிக் கொடுத்தது. இதைப் படித்தபோது என் வேலை எனக்கு உறுத்தியது. 2011இல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் நாணயத்தில் பூவேலை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். அது என்ன பூ என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அந்தப் பூவுக்கே இல்லை. காசாளர் இருக்கையில் கள்ள நோட்டு வந்தால் என் விரல் கண்டுபிடித்துவிடும். கவிதையில் எது கள்ளம் என்பதற்கு அந்த விரல் உதவவில்லை. நோட்டில் எல்லாம் ஒன்றுபோல இருப்பது நல்லதற்கு அடையாளம். கவிதையில் அதுவே கள்ளத்துக்கு அடையாளம்.

அச்சுப் பூவின் கடைசிக் கட்டம்தான் என் மேஜையில் இருப்பது. 1934இல் ஜப்பானிய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பழைய பாணியில் வாள் வேண்டும் என்று முடிவு செய்தது. 1938இல் இன்னொரு மாதிரி வந்தது. தகட்டில் நாலு சகுரா, எல்லோருக்கும் அதே நாலு. சீக்கிரம் உதிரும் பூ ஒரு காலத்தில் வாழ்வின் நிலையாமையை நினைவூட்டியது. இப்போது அரசு அதை எடுத்துக்கொண்டு, நீயும் இப்படி உதிர் என்று சிப்பாய்க்கு உத்தரவு போட்டது. 1945இல் மனிதனை உள்ளே உட்கார வைத்து எதிரிக் கப்பல்மேல் மோதவிட்ட பறக்கும் குண்டுக்கு ஓக்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்குச் சகுரா மலர் என்று பொருள். அணி என்ற சொல்லின் மூன்றாவது அர்த்தம் மற்ற இரண்டையும் தின்றுவிட்டது.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கீழ்பர்மா நெல்வயல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அப்போது செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. கப்பல் கிடைத்தவர்கள் போக மற்றவர்கள், கணக்கப்பிள்ளைகளும் சமையல்காரர்களும் பெட்டியடிப் பையன்களும், லட்சக்கணக்கான பிற இந்தியர்களோடு அஸ்ஸாம் மலைகளை நோக்கி நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. இந்த ஊரில் பெயர் சொல்லி அழ ஒருவராவது இல்லாத தெரு அப்போது குறைவு. அந்தப் படையெடுப்பில் வந்த ஏதோ ஒரு வாளின் தகடு, அவர்கள் விட்டு ஓடிய ஊர்களிலிருந்து, அவர்கள் திரும்பி வந்த ஊருக்கு எப்படியோ வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் யாரோ, அதை மூடி என்று நினைத்துத்தான் கொண்டுவந்தாரோ.

தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தபின் நடுத்துவாரத்தை ஒட்டி ஏதோ தெரிந்தது. விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பழைய கலைஞர்கள் பெயர் பொறித்த அதே இடத்தில், பிடி மூடும் இடத்தில், இரண்டு இலக்க எண் ஒன்று அடித்திருந்தது. பட்டறையில் பாகங்கள் ஒன்றோடொன்று மாறிப்போகாமல் இருக்க இப்படி எண் அடிப்பார்களாம். பின்பக்கமும் பார்த்தேன். அங்கேயும் அதே நாலு பூ.

அந்த மதிப்புரையில் 'ஒட்டவைத்த அலங்காரம்' என்று எழுதியதை இந்தப் பத்திரிகையின் பக்கத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதைப் படித்த முப்பது நாற்பது பேரில் பெரும்பாலோர் இதையும் படிப்பார்கள். கடைசி வாக்கியத்தையும் சேர்த்தே வாபஸ் வாங்குகிறேன். பாராட்டியவர்கள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுரையின் கைப்பிரதியை நண்பருக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு ஒரு தபால் அட்டை வந்தது. எழுத்து மாறவில்லை, அதே சாய்ந்த எழுத்து. கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாயார் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது, தங்கைக்கு வீடு கட்டக் கொல்லையைக் கொடுத்துவிட்டோம், நொச்சி வேலியை வெட்டியாகிவிட்டது, அஸ்திவாரத்துக்குத் தோண்டினால் இன்னும் வேர் வந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்.